வேஷக்காரர்கள் நின்ற வாசல்

"அப்ப இன்னா வார்த்தை? அத சொல்லு" என்றார் எஸ்.ஐ.

கலைவாணி குனிந்திருந்தாள். மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மைக்கா உரிந்து, உள்பலகை ஈரத்தில் உப்பியிருந்தது. ஜன்னல் கம்பியில் யாரோ கட்டிவிட்டுப் போன வேப்பிலைக் கொத்து காய்ந்திருந்தது. மேசை விசிறி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இரண்டொரு இலை உதிர்ந்தது. ஜாத்திரை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. திருப்பதியில் அப்போது எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அந்தக் கசப்பு வாசனை இருந்தது.

சற்று முன்வரை எஸ்.ஐ. சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். சித்தூர்க்காரர், தமிழ் சரளமாக வரும். அவர் முன்னால் கலைவாணியின் கணவன் சேகர் முன்பே கொடுத்துவிட்டுப் போன மனு கிடந்தது. தெலுங்கில் டைப் அடித்தது. அதில் 'அசப்ய பதஜாலம்' என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். தமிழ்ப் பத்திரிகைகள் 'தகாத வார்த்தைகள்' என்று எழுதுமே, அதற்கு நேரான தெலுங்கு.

"ஜாத்ரால வேஷம் போட்டவன் திட்டாம பின்ன பூஜையா பண்ணுவான்?" என்றார். "நான் பந்தோபஸ்துல நின்னுக்கினு இருக்கேன். கரி பூசின ஒருத்தன் நேரா வந்தான். என் யூனிபார்ம பாத்தான். எங்கம்மாவ இழுத்து நாலு வார்த்தை விட்டான். நான் தொப்பிய கழட்டிட்டு கும்பிட்டேன். இப்ப நானும் ஒரு கேசு போட்டுக்கட்டுமா?"

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் சிரித்தார். வாசலில் நின்ற கான்ஸ்டபிளும் சிரித்தார். வேறு இடத்தில் கேட்டிருந்தால், கலைவாணிக்குத் துணையாகப் போயிருந்த நானும் சிரித்திருப்பேன்.

கலைவாணி, "எங்கள திட்டினது ஜாத்திரைத் திட்டு இல்ல சார்" என்றாள். அதன் பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இந்த அத்தியாயத்தில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றவை நடந்தபடி.

திட்டு வாங்கினால் நல்லது

இந்தப் பக்கத்து ஜாத்திரையைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கோடை உச்சத்தில் கங்கம்மாவுக்கு ஒரு வாரம் ஜாத்திரை. நாளுக்கு ஒரு வேஷம். ஒரு நாள் உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு நாள் குங்குமம், ஒரு நாள் கரி. நேர்ந்துகொண்ட ஆண்கள் பூசிக்கொண்டு, வேப்பிலை கட்டிக்கொண்டு வீதியில் இறங்குவார்கள். எதிரே வருபவரைத் திட்டுவார்கள். சாதாரணத் திட்டு அல்ல. உடம்பின் ஒவ்வோர் உறுப்பும் அதில் வரும். திட்டு வாங்கியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. திருஷ்டி கழிந்தது என்று கும்பிட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுக்க வேண்டும்.

நான் வேலூரிலிருந்து இங்கே குடிவந்த முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. காலையில் கதவைத் திறந்தால் ஒரு கரி உருவம். என் பாட்டன் முப்பாட்டன்வரை விசாரித்துவிட்டு அது நகர்ந்தது. குரலை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்து, மதியம்தான் கண்டுபிடித்தேன். எனக்குக் கணக்கு இருக்கும் வங்கியின் உதவி மேலாளர். "மேடம், ஒரு ஆதார் ஜெராக்ஸ்" என்பதைக்கூட மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்பவர்.

எதிர்வீட்டு சரோஜம்மா அதே உருவத்தை நிறுத்தி வைத்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, இந்த வருஷம் சரக்கு கம்மி. போன வருஷம் எவ்ளோ நல்லா திட்டுன. இன்னும் ரெண்டு சொல்லிட்டுப் போ."

அவர் இன்னும் இரண்டு சொல்லிவிட்டு, மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

கரி பூசும் நாளின் வேஷத்துக்குத் தோட்டி வேஷம் என்று பெயர். எல்லாச் சாதிக்காரர்களும் அதைப் போடுவார்கள். பல வருஷம் அந்தப் பெயரைக் கேட்டும், அதில் யோசிக்க ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் தமிழ்க்காரர்கள்

கலைவாணி அரக்கோணம் பக்கத்துப் பெண். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். சேகர் திருப்பதியில் ஆட்டோ ஓட்டுகிறான். சரோஜம்மா வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தார்கள், மாடியில் சரோஜம்மா.

வீடு பார்க்க வந்த அன்று சரோஜம்மா, "நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். வாடகைக்கு வீடு விடுபவர் அப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சேகர், "தமிழ்நாடும்மா" என்றான். சரோஜம்மா, "ஓ, தமிழ்க்காரங்களா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

எல்லைப் பக்கத்தில் இது ஒரு வசதி. தெலுங்குத் தெருவில் தமிழ் பேசுகிறவர்களைக் கொஞ்ச காலம் ஒரே சாதியாகப் பார்ப்பார்கள். இரண்டு வருஷம் அவர்கள் தமிழ்க்காரர்களாகவே இருந்தார்கள்.

அந்தச் சித்திரையில் கலைவாணி முன்னறையில் ஒரு படம் மாட்டினாள். நீலக் கோட்டும் கண்ணாடியும் அணிந்த தலைவரின் படம். செவ்வந்தி மாலை போட்டு, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தாள். வெயில் காலம், வாசற்கதவு திறந்தே இருக்கும். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

முதலில் நின்றது உறை மோர். பக்கத்து வீட்டுப் பெண் வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு கிண்ணத்தோடு கலைவாணியிடம் வருவாள். கலைவாணி வீட்டுத் தயிர் புளிக்காது என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். படம் மாட்டிய வாரத்திலிருந்து வரவில்லை. கேட்டால், "பாக்கெட் தயிருக்கு மாறிட்டோம்." பாக்கெட் தயிருக்கு மாறுவது குற்றம் அல்ல.

பிறகு யாரோ ஆட்டோவின் பின்சீட்டை நீளமாகக் கிழித்திருந்தார்கள். நாயாக இருக்கும் என்றார்கள். நாயாகவும் இருக்கலாம். கலைவாணி போடும் கோலத்தின் மேல் தினமும் ஒரு பைக் நின்றது. தெருவில் பைக் நிறுத்த இடம் குறைவு என்பது உண்மைதான்.

என்னைப் போல நாளிதழின் செய்தி மேசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இவற்றில் எதுவுமே செய்தி இல்லை. தனித்தனியாக எடுத்தால் ஒரு பத்திகூடத் தேறாது.

நான் பார்க்காதது

கரி பூசும் நாளில் நான் புத்தலப்பட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். ஆகவே இங்கே எழுதுவது நான் பார்த்தது அல்ல. கலைவாணியும் அவளுடைய அப்பாவும் தனித்தனியாகச் சொன்னதும், அவை ஒத்துப்போன இடங்களும் மட்டுமே.

ஜாத்திரை பார்ப்பதற்காகக் கலைவாணியின் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். அவள் அவரை நைனா என்று கூப்பிடுவாள். வேஷக்காரர்கள் வருவார்கள், திட்டுவார்கள், திட்டு வாங்கினால் நல்லது, கும்பிட்டு மோர் கொடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். அவருக்கு அது பிடித்துப்போனது. காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, இஞ்சி நசுக்கிப் போட்ட மோரோடு வாசலில் நின்றுவிட்டார்.

நாலு பேர் வந்தார்கள். கூட ஒரு மேளம். வழக்கம்போல வீட்டுக்கு ஒரு திட்டு, ஒரு டம்ளர் மோர் என்று வந்துகொண்டிருந்தார்கள். கலைவாணி வீட்டு வாசலில் மேளம் நின்றது. அவர்களும் நின்றார்கள்.

கலைவாணிக்கு முதலில் தோன்றியது அதுதான். நடந்துகொண்டே திட்டுபவர்கள் ஏன் நிற்கிறார்கள்?

அவள் அப்பா கைகூப்பி நின்றார். அவருக்குத் தெலுங்கு தெரியாது. அவர்களில் ஒருவன் பேச ஆரம்பித்தான். சாதியின் பெயரைச் சொன்னான். அதோடு ஒரு வசவைச் சேர்த்தான். உங்களுக்கு இந்தத் தெருவில் வீடு, வீட்டில் படம் வேறா என்று கேட்டான். பெரியவருக்கு மற்றது புரியவில்லை. சாதியின் பெயர் மட்டும் புரிந்தது. அது எல்லைக்கு இரண்டு பக்கமும் தெரிந்த பெயர். அப்போதும் கூப்பிய கையை அவர் இறக்கவில்லை. இதுவும் சாமி திட்டுதான் என்று நினைத்ததாகச் சொன்னார். குனிந்து டம்ளரை எடுத்து நீட்டினார். ஒருவன் அதைத் தட்டிவிட்டான்.

இரண்டு பேர் உள்ளே போய்ப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து வாசலில் போட்டு மிதித்தார்கள். ஒருவன் சாக்கடைத் தண்ணீரை வாளியில் மொண்டு முன்னறையில் ஊற்றினான். தடுக்கப் போன பெரியவரைத் தள்ளிவிட்டார்கள். அவர் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

பிறகு மேளம் மறுபடி அடித்தது. அடுத்த வீட்டு வாசலில் வழக்கமான திட்டு, வழக்கமான மோர்.

மாலையில் நான் திரும்பியபோது கண்ணாடித் தூளைக் கூட்டி ஒரு முறத்தில் வைத்திருந்தார்கள். பெரியவர் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னை வரவேற்றுவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"திட்டு வாங்கினா நல்லதுன்னு சொன்னியேம்மா."

"இது அது இல்ல நைனா" என்றாள் கலைவாணி.

முன்விரோதம்

வேலூரில் நான் வேலை பார்த்த நாளிதழில் சித்தூர் மாவட்டச் செய்திகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். பகுதிநேர நிருபர்கள் போனில் செய்தி சொல்வார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். அந்த மேசையில் சில சொற்கள் எப்போதும் தயாராக இருக்கும். அடிதடி என்றால் 'இரு தரப்பினர் மோதல்'. காரணம் கேட்டால் 'முன்விரோதம்'. வாய்ப்பேச்சு என்றால் 'தகாத வார்த்தைகளால் திட்டி'. எந்தச் சுவரிலும் பொருந்தும் செங்கற்கள். வழக்கு வராது, இடமும் மிச்சம்.

கங்காதர நெல்லூரிலிருந்து ஒரு நிருபர் பேசுவார். அந்தப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் வெளியூர் ஆள் ஒருவரைக் கட்டி வைத்து அடித்துவிட்டார்கள். கண்ணாடி கிளாசில் டீ கேட்டதுதான் அவர் செய்தது. எங்கள் தலைமை உதவி ஆசிரியர் செய்தியைத் திருத்தி, 'முன்விரோதம் காரணமாக' என்று சேர்த்தார். மறுநாள் அந்த நிருபர் போனில் கேட்டார்:

"சார், முன்விரோதம்னா முன்னாடி ஏதாவது நடந்திருக்கணுமே. அவங்க ஒருத்தர ஒருத்தர் அன்னிக்கித்தான் பாத்தாங்க."

"இடம் இல்லப்பா" என்றார் தலைமை உதவி ஆசிரியர். அவர் கெட்டவர் அல்ல. அன்று இடமும் உண்மையிலேயே இல்லை.

சேகரின் மனுவைப் பார்த்ததும் எனக்கு அந்தப் போன்தான் ஞாபகம் வந்தது. அவன் அதை ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்திருந்தான். அடித்தது ஒரு சின்னப் பெண். அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "அசிங்கமா திட்டுனாங்கன்னு போடும்மா" என்றிருக்கிறான். அவளும் கம்ப்யூட்டரில் இருந்த பழைய மனு ஒன்றிலிருந்து மரியாதையான சொல்லை எடுத்துப் போட்டுவிட்டாள்.

விளைவு, மனுவில் இருந்தது இவ்வளவுதான்: ஜாத்திரையில் வேஷம் போட்ட சிலர் அசிங்கமாகத் திட்டினார்கள், தள்ளுமுள்ளில் ஒரு படம் உடைந்தது, ஒரு பெரியவர் விழுந்தார். ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டு, "பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளில் இருந்ததை வைத்துப் பார்த்தால் அவர்கள் செய்ததைத் தவறு என்றும் சொல்ல முடியாது.

சேகர் வேறு வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டான். ரேணிகுண்டா ரோட்டில் ஒன்று பார்த்து வைத்திருந்தான்.

"நீங்க பேப்பர்ல இருந்தவங்கக்கா" என்று கலைவாணி என்னிடம் வந்தாள். "போறதுன்னா போறோம். நடந்தது இன்னான்னு எழுதி வாங்கிக்கினு போறேன். ஜாத்திரைல தள்ளுமுள்ளுன்னு எழுதிட்டாங்கன்னா, நாளைக்கு நைனாவே அப்பிடித்தான் நம்புவாரு."

வீடு வீடாக

எழுதித் தருவதாகச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"அக்கா, உங்கள அன்னிக்கி திட்டுனாங்களா?"

"காலையில, பஸ்ஸுக்குப் போறப்ப."

"இன்னான்னு?"

சொன்னேன். நான் பொதுவாக வாயில் எடுக்காத சொற்கள். இரண்டு பேரும் சிரித்தோம்.

"அதுல உங்க ஜாதி வந்துச்சா?"

"இல்ல."

"பேரு?"

"இல்ல."

"நின்னு திட்டுனானா, போய்க்கினே திட்டுனானா?"

"போய்க்கிட்டே."

"வாங்க" என்றாள். "தெருவுல எல்லாரையும் கேப்போம்."

வீடு வீடாகப் போனோம். என் தொழிலில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாகப் பதில் சொன்னவர்களைப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் தங்களுக்குக் கிடைத்த திட்டு நினைவிருந்தது. ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் தன்னுடையதை மெதுவாகச் சொல்லி, நடுவில் ஒரு சொல்லை மறந்து, உள்ளேயிருந்த மனைவியைக் கேட்டார். அந்த அம்மாள் சமையலறையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். ஒரு பெண், தனக்கு இரண்டு வரி கூடுதலாகக் கிடைத்ததாகப் பெருமைப்பட்டாள். அத்தனை திட்டிலும் உறுப்புகள் இருந்தன, உறவுகள் இருந்தன, மிருகங்கள் இருந்தன. சாதி ஒன்றில்கூட இல்லை.

ஒவ்வொரு வீட்டிலும் கலைவாணி கடைசியாக ஒன்று கேட்பாள்.

"எங்க வாசல்ல இன்னா சொன்னாங்க? கேட்டுச்சா?"

சிரிப்பு நின்றுவிடும். தலைமையாசிரியர் அந்த நேரம் பாத்ரூமில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கு அன்று காதடைப்பு. சரோஜம்மா மாடிப்படியில் நின்றுகொண்டே சொன்னார்:

"மிக்சி ஓடிக்கினு இருந்துச்சும்மா. ஒண்ணும் கேக்கல."

படியிறங்கும்போது கலைவாணி என்னிடம் சொன்னாள்:

"வரிசையா வருதுக்கா. மோர் நின்னுது. சீட்டு கிழிஞ்சுது. பைக்கு. அப்புறம் இது. ஒண்ணொண்ணும் தனியா பாத்தா ஒண்ணும் இல்ல."

கொஞ்சம் தூரம் நடந்தபின், "அந்த வேஷத்துக்குப் பேரு தோட்டி வேஷம்" என்றாள். "அத அவங்க போட்டுக்கினா சாமி. மோர் குடுத்து கும்பிடணும்."

வாக்கியத்தை முடிக்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது சரோஜம்மா கைப்பையோடு கேட்டருகே நின்றிருந்தார். செருப்பு மாட்டியிருந்தார். கோயிலுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

"நேத்து மிக்சின்னு சொல்லிட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "அன்னிக்கி காத்தாலேருந்து தெருவுல கரண்டே இல்லியே. மிக்சி எங்க ஓடும்."

சேகர் ஆட்டோவை ஸ்டார்ட் செய்தான். அவர் ஏறி உட்கார்ந்து, பெரியவருக்காக நகர்ந்து இடம் விட்டார். மனதை எது மாற்றியது என்று நான் கேட்கவில்லை. இரவெல்லாம் யோசித்திருக்கலாம். பொய் சொல்வதற்கு மிக்சியைத் தேர்ந்தெடுத்தது தப்பு என்பது மட்டும்கூட உறுத்தியிருக்கலாம்.

மறுபடி அந்த மேசை

"சொல்லும்மா" என்றார் எஸ்.ஐ. "வார்த்தை தெரியாம நான் எத எழுதறது?"

கலைவாணி நிமிர்ந்தாள். தெலுங்கில், அவர்கள் சொன்னபடியே சொன்னாள். அவள் பேசும் தெலுங்கு கம்பெனியில் கற்றது. கொஞ்சம் உடைந்து வரும். இந்த வாக்கியம் மட்டும் உடையாமல் வந்தது. குரலைத் தாழ்த்தவில்லை. வாசலில் நின்றவன் எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் அழுத்தினானோ, அங்கங்கே நிறுத்தி அழுத்தினாள்.

அந்த வாக்கியத்தை நான் இங்கே எழுதவில்லை. பத்திரிகை மரியாதைக்காக அல்ல. அது அவள் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னது; என் எழுத்துக்குச் சுவை சேர்க்க அது எனக்குச் சொந்தமில்லை. அதில் சாதியின் பெயர் இருந்தது, வெளியே போ என்ற உத்தரவு இருந்தது என்பது வாசகருக்குத் தெரிந்தால் போதும்.

ரைட்டர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். வாசல் கான்ஸ்டபிள் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எஸ்.ஐ. சேகரின் மனுவைக் கையில் எடுத்து, கோடு போட்ட இடத்தை மறுபடி பார்த்தார். "இத ஏன் இதுல போடல?"

"டைப் அடிச்சது ஒரு பொண்ணு சார்" என்றான் சேகர்.

எஸ்.ஐ. மனுவை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, வன்கொடுமைச் சட்டத்தில் பதிய வேண்டுமானால் தேவை என்று சாதிச் சான்றிதழைக் கேட்டார். கலைவாணி கொடுத்தாள். "இது தமிழ்நாட்டு சர்ட்டிபிகேட். ஆந்திராவுல இது செல்லாதும்மா."

"சலுகை கேக்க வரல சார்" என்றாள். "அடிச்சத எழுதிக்கங்கன்னு கேக்கறேன். அடிக்கும்போது அவன் எந்த ஸ்டேட்டுன்னு கேக்கலியே."

அவர் எழுந்தார். போனை எடுத்து வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்து, "செல்லுமா செல்லாதான்னு கோர்ட்டு பாத்துக்கட்டும்" என்றார். அடுத்து, "தெருவுல யாராவது கேட்டாங்களா? வீட்டாளுங்க இல்லாம?"

சரோஜம்மா எழுந்து நின்றார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நான் கேட்டேன். மாடில நின்னுக்கினு இருந்தேன்."

"இந்தம்மா சொன்னதேதானா?"

"அதேதான். இன்னும் ஒண்ணு சொன்னான். படத்த மிதிக்கறப்ப." அதையும் சொன்னார். கலைவாணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

"மூஞ்சியெல்லாம் கரியாச்சே. ஆள் யாருன்னு தெரியுமா?"

"வருஷா வருஷம் மோர் குடுக்கறவளாச்சே. கரி பூசினா பல்லு தெரியாதா? ரெண்டு பேர தெரியும்" என்றார் சரோஜம்மா.

அந்த இரண்டு பேரும் பிறகு பிடிபட்டார்கள். ஜாமீனில் வந்துவிட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. எப்படி முடியும் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. சரோஜம்மா வீட்டு விசேஷங்களுக்குத் தெருவில் பாதிப் பேர் வருவதில்லை. சேகர் பார்த்து வைத்த வீட்டுக்கு இன்றுவரை போகவில்லை. படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டு அதே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள்.

ஸ்டேஷனுக்குத் திரும்புகிறேன். புகாரைப் புதிதாக எழுத வெகுநேரம் ஆயிற்று. ரைட்டருக்கு அழகான கையெழுத்து. எழுதி முடித்ததும், கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அவர் எழுந்து நின்று, ஒரே மூச்சில், ரயில்வே அறிவிப்பு மாதிரி படித்தார். பெயர், ஊர், வேலை, வீடு, ஜாத்திரை, நாலு பேர், மேளம் நின்றது, அவர்களும் நின்றார்கள். அந்த இடம் வந்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"...என்று திட்டி, பிறகு வீட்டுக்குள் நுழைந்து..."

"அதையும் படிங்க சார்" என்றாள் கலைவாணி.

"எழுதியிருக்கும்மா. நீ சொன்னது அப்படியே இருக்கு."

"படிங்க."

ரைட்டர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. விசிறியை அணைத்தார். அது கிறீச்சிட்டு நின்றது.

ரைட்டர் அந்த வரிக்குத் திரும்பிப் போய்ப் படித்தார். மெதுவாகத்தான் படித்தார், ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. சுவரோரப் பெஞ்சில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். அவருக்குப் புரிந்த அந்த ஒரு சொல் வந்தபோது, மகளைப் பார்த்தார்.

"அன்னிக்கி வாசல்ல சொன்னது. இது அதான் நைனா" என்று அவரிடம் சொன்னாள் கலைவாணி. பிறகு ரைட்டரிடம் கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள்.